பெரியம்மா திறந்த ஜன்னல்

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, இந்த விறகு அடுப்ப ராத்திரி பூரா அணையாம எப்படிப்பா வெச்சிக்கிறது? நீங்க பாய்லர்மேன்தானே, சொல்லுங்க." அதற்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஜன்னல்ல டேப் மட்டும் ஒட்டிடாதடா, மீதிய எழுதி அனுப்புறேன்" என்றேன். நீ சிரித்தாய். "அப்பா லெட்டர் எழுதப் போறாராம்" என்று தர்ஷினியிடம் நீ சொன்னதும் எனக்குக் கேட்டது. சிரி, பரவாயில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்ததை வைத்துக்கொண்டு இன்றைக்கும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் நான். எனக்கு எழுதவும் தெரியும். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், நடுவில் பேசுவாய், உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். தாளில் எழுதினால் யாரும் குறுக்கே வர முடியாது. ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

உன் நிலைமையை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். நியூசிலாந்தில், அதுவும் தெற்குக் கோடியில், பால் ஆலையில் உனக்கு வேலை. வாடகைக்கு எடுத்திருக்கிற பழைய மரவீட்டில் சூட்டுக்கு இருப்பது அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு ஒன்றுதான். இன்னும் ஆறு வாரத்தில் தர்ஷினிக்குப் பிரசவம், அங்கே அது கடுங்குளிர் காலம். தர்ஷினிக்கு அம்மா இல்லை. உன் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது, அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது. "பெரியம்மாவ அனுப்பலாமேம்மா" என்று நீ கேட்டாய். உன் அம்மா போனைப் பிடுங்காத குறையாக, "அவளா? வேணாம்பா சாமி. பிள்ள பெத்த வீட்டுக்கு அவ கால் வைக்கவே வேணாம்" என்றாள். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். "அம்மா, நீங்க சொன்ன மாதிரியே காத்து படாம ஜன்னல் பூரா டேப் அடிச்சிட்டு, அடுப்ப நல்லா மூடி ஸ்லோவா வெச்சிட்டுப் படுத்தா சூடு காலை வரைக்கும் நிக்கும்லா" என்றாய். உன் அம்மா "அதான் சரி" என்றாள். அதைக் கேட்டுத்தான் டேப் ஒட்டாதே என்றேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. இங்கே மலேசியாவில், காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தெட்டு வருடம் பாய்லர் முன்னால் நின்றவன் நான். எந்த நெருப்பையும் பத்து நிமிடத்தில் என் பேச்சைக் கேட்க வைப்பேன். நீ வீடியோவில் காட்டியபோதே பார்த்தேன். மூன்று பெரிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, அடியில் ஒரு பேப்பரைக் கசக்கிச் செருகி, தீக்குச்சியாகக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாய். அலமாக்! பாய்லர்மேன் மகன் செய்கிற வேலையா அது? பழைய சாம்பலை முழுக்க வழித்துத் துடைக்காதே, ஒரு விரல் உயரம் அடியில் கிடக்கட்டும், சூட்டை அது பிடித்து வைக்கும். நடுத்தரக் கட்டை இரண்டை நடுவில் இடைவெளி விட்டுப் படுக்க வை. அதன் மேல் விரல் பருமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கு. பேப்பரை உச்சியில் வை. நெருப்பை மேலே வை, அது கீழே இறங்கி வரட்டும். அப்படிச் செய்தால் புகை கம்மி, கட்டையும் ஒழுங்காகப் பிடிக்கும். அடியில் உள்ள காற்றுத் துவாரத்தை முழுக்கத் திறந்து வை. கதவையும் முதல் சில நிமிடம் ஒரு விரல் அளவுக்குத் திறந்தே விடு, ஆனால் அந்த இடத்தை விட்டு நகராதே. அந்த ஊர்க் குளிரில் புகைக்குழாயும் குளிர்ந்துதான் கிடக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிற குளிர்ந்த காற்று புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பும். ஒரு பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி குழாய் வாய்ப் பக்கம் கொஞ்ச நேரம் பிடி. குழாய் சூடானதும் தானே இழுக்க ஆரம்பிக்கும்.

விறகு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டு. காய்ந்தது கணீரென்று சத்தம் போடும், ஈரமானது மொத்தென்று விழும். ஆலையில் எங்களுக்கு விறகு கிடையாது, பழம் பிழிந்த பிறகு மிஞ்சுகிற நாரும் கொட்டை ஓடும்தான் எரிபொருள். மழைக்காலத்தில் நார் நனைந்து வந்தால் சிம்னியில் கறுப்பாகப் புகை கிளம்பும். அது தெரிந்ததுமே இஞ்சினியர் ஆபீஸிலிருந்து கத்திக்கொண்டு வருவார். "கறுப்புப் புகை வந்தா பாய்லர்மேன் தூங்குறான்னு அர்த்தம்" என்பார். நான் தூங்கியதே கிடையாது, அது வேறு விஷயம். உன் அடுப்பின் கண்ணாடியைப் பார், அது கறுத்துப் போனால் நீ நெருப்புக்குக் காற்றுக் கொடுக்காமல் பட்டினி போடுகிறாய் என்று அர்த்தம். நெருப்பும் மூச்சு விடுகிற ஜந்துதான். அதே காற்றைத்தான் நீயும், தர்ஷினியும், பிறக்கப்போகிற பிள்ளையும் மூச்சு விடப்போகிறீர்கள். அதை மறந்தால் இந்தக் கடிதத்தில் நான் எழுதுகிற எதுவும் உபயோகமில்லை.

கட்டையை ஒரேயடியாகத் திணிக்காதே. கங்கு சிவப்பாக இருக்கும்போதே அதைக் கதவுப் பக்கமாக வாரி இழுத்து, பின்னால் இரண்டு கட்டை போடு. போட்டவுடன் காற்றை முழுக்கத் திற. கட்டை நன்றாகப் பிடித்துச் சுடர் விட்ட பிறகு பாதிக்குக் குறை, ஒரு நாளும் முழுக்க மூடாதே. கதவைத் திறக்கும்போது மெதுவாகத் திற. இது நான் முகத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அப்போது நான் பாய்லர்மேன் கூட இல்லை, உலைக்குக் கொட்டை ஓடு அள்ளிப் போடுகிற ஆள். காற்றை அடைத்து வைத்திருந்த உலைக் கதவை அவசரத்தில் படாரென்று இழுத்தேன். உள்ளே மூச்சு முட்டிக் கிடந்த நெருப்பு வெளியே எட்டிப் பார்த்து என் இரண்டு புருவத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த வாரம் உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போக வேண்டும்! புருவம் இல்லாமல், மொட்டை நெற்றியோடு குளுவாங்கில் அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள். கோப்பி கொண்டுவந்த உன் அம்மாவின் அக்கா மட்டும், அதாவது உன் சரசு பெரியம்மா, என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "தம்பி, கண்மை இருக்கு, வரைஞ்சி விடட்டா?" என்றார். வீடே சிரித்தது. உள்ளேயிருந்து உன் அம்மா சிரித்த சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் சரி என்றேன். ஆகவே எனக்குக் கல்யாணம் ஆனதில் உன் பெரியம்மாவுக்குப் பாதிப் பங்கு உண்டு.

இரவு முழுக்க அடுப்பு எரிய வேண்டும் என்கிற ஆசையை விட்டுவிடு. ஆலையில் எங்களுக்கு மூன்று ஷிப்ட், எந்நேரமும் ஒரு ஆள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் எரிந்தது. நீ தூங்கப் போகிறவன். படுக்கிற நேரத்தில் அது நன்றாக எரிந்து அடங்கட்டும், காலையில் எழுந்து மறுபடியும் மூட்டு. நடுவில் குளிர்ந்தால் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். அள்ளுகிற சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டி வீட்டுக்கு வெளியே, மரச் சுவரை விட்டுத் தள்ளி வை. செத்துப்போனது மாதிரி கிடக்கிற கங்கு இரண்டு நாள் கழித்துக்கூட உயிரோடு இருக்கும். புகைக்குழாயைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேள், அவர் முழித்தால் உடனே ஆளைக் கூப்பிடு. தொட்டில் வாங்குவதற்கு முன்னால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்கு, அடுப்பு உள்ள அறையில் ஒன்று, நீங்கள் படுக்கிற அறையில் ஒன்று. ஜன்னலில் டேப் வேண்டாம். ஒரு ஜன்னலாவது இரண்டு விரல் திறந்திருக்கட்டும். குளிரும்தான், குளிரட்டும்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். இதை எழுதத்தான் தாள் எடுத்தேன். அடுப்பைப் பற்றி எழுதியது கையைக் கொஞ்சம் பழக்கிக்கொள்வதற்காக என்று வைத்துக்கொள்.

உனக்கு ஒரு கதை தெரியும். நீ பிறந்த பதினோராம் நாள், ஜன்னலைத் திறந்துவிட்டு சரசு பெரியம்மா உன் அம்மாவுக்குக் காற்றுப் பட வைத்தார், அதனால் உன் அம்மாவுக்கு ஜன்னி கண்டது, நீயும் அவளும் பிழைத்ததே பெரிது என்கிற கதை. உன் அம்மா அதை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "ஆமா" என்று தலையும் ஆட்டியிருக்கிறேன். அந்தக் கதை பொய், கதிர். ஜன்னல் திறந்தது மட்டும்தான் அதில் உண்மை.

நடந்தது இதுதான். டிசம்பர் மாதம், விடாத மழை. ஆலைக் குவார்ட்டர்ஸில் மர வீடு, பலகைக்குப் பலகை இடைவெளி. பிள்ளை பெற்ற அறையில் காற்றுப் படக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஊரே கதவைச் சாத்தியது என்றால் நான் ஒருபடி மேலே போனேன். பழைய பேப்பரைக் கிழித்து மாவுப் பசையில் தோய்த்து ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டினேன். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்தேன். நல்ல வேலை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பதினோராம் நாள் உன் அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றினார்கள். வழக்கமாகச் சாம்பிராணி போட ஒரு கரண்டி கங்கு போதும். புகை காட்டிவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. நான் யார், நெருப்பிலேயே வேலை பார்க்கிறவன் ஆயிற்றே! மத்தியான ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாய்லரிலிருந்து கொட்டை ஓட்டுக் கங்கை ஒரு இரும்பு வாளி நிறைய வாரிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. துளிப் புகை கிடையாது. அதுதான் எனக்குப் பெருமை. "பாரு, புகையே இல்ல, பிள்ளைக்குக் கண்ணு எரியாது, சாயங்காலம் வரைக்கும் சூடா இருக்கும்" என்று சொல்லி, அதை உன் அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

உன் பெரியம்மா குளுவாங்கிலிருந்து வந்து எங்களோடு தங்கிப் பத்தியச் சமையல் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி வாக்கில் பூண்டுக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போயிருக்கிறார். உன் அம்மா வாந்தி எடுத்துவிட்டு அப்படியே கிடந்திருக்கிறாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நீ கன்னம் சிவந்து, கை கால் துவண்டு கிடந்திருக்கிறாய். பெரியம்மாவுக்கும் தலை சுற்றியிருக்கிறது. அவர் படித்தவரும் இல்லை, கங்கு என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை. தட்டைக் கீழே போட்டுவிட்டு, நான் ஒட்டிய பேப்பரையெல்லாம் கிழித்து ஜன்னலை இரண்டு பக்கமும் அடித்துத் திறந்தார். வாளியைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கி மழையில் எறிந்தார். கை வெந்துபோனது. அப்புறம் உன்னைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்று முதுகைத் தட்டித் தட்டி அழ வைத்திருக்கிறார். ஆலைக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடி வந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். உன் அம்மா ஈரக் காற்றில் கிடுகிடுவென்று நடுங்கி என்னென்னவோ உளறிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். "மூச்சு முட்டுச்சு தம்பி, அதான் தொறந்தேன்" என்றார் உன் பெரியம்மா. நான் அத்தனை பேர் முன்னாலும், "எம் பொண்டாட்டிய கொல்லப் பாத்தியா?" என்று கத்தினேன். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை பெரியம்மா மழையோடு மழையாகப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வெந்த கைக்கு மருந்து போட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உன் அம்மாவை கிளினிக்கில் காட்டினோம், காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். கங்கைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதுவரைக்கும் நான் முட்டாள், அவ்வளவுதான். முட்டாள்தனத்தை மன்னிக்கலாம். நீ ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது பாய்லர் சர்ட்டிபிகேட்டுக்கு ஜோகூர் பாருவில் வகுப்புக்குப் போனேன், நினைவிருக்கிறதா? அங்கே ஒரு மலாய்க்கார வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னார். மூடிய அறையில் கங்கு கனன்றால் ஒரு காற்று வரும், "தாக் அடா பாவ், தாக் அடா வார்னா", வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கும், வாந்தி வரும், கன்னம் சிவக்கும், தூக்கம் போலவே ஆளைக் கொண்டுபோய்விடும், உடனே ஜன்னலைத் திறந்து வெளியே தூக்க வேண்டும் என்றார். என் கையில் பேனா நின்றுவிட்டது. அந்த அறை கண் முன்னால் வந்தது. உங்கள் இருவரையும் கொல்லப் பார்த்தது நான். காப்பாற்றியது உன் பெரியம்மா. வீட்டுக்கு வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தேன். சர்ட்டிபிகேட் கிடைக்கும் என்று உன் அம்மா பாயாசம் செய்திருந்தாள். புதுப் பாய்லர்மேன் பொண்டாட்டி பிள்ளையைக் கங்கு வைத்துக் கொல்லப் பார்த்தான் என்று ஆலை முழுக்கச் சிரிக்குமே என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே இருபத்து நாலு வருடம் போய்விட்டது. இதற்குப் பெயர் முட்டாள்தனம் இல்லை. கோழைத்தனம்.

நீ டேப் அடிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அதே பேப்பர், அதே ஜன்னல், அதே நெருப்பு என் மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை உன் அம்மா நாற்காலியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நான் பேசி முடித்தது அன்றைக்குத்தான். கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். "கார எடுங்க" என்றாள். டாக்டர் கார் ஏறக் கூடாது என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "வாய மூடிக்கிட்டு கார எடுங்க" என்றாள். பெரியம்மா இருக்கிற பாசிர் கூடாங் வரைக்கும் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். ஒரு தடவைகூடக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அம்மா என்னோடு சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

உன் பெரியம்மா தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலையை விட்ட பிறகு அங்கேயே பிளாட்டில், மூன்றாம் மாடியில் மகன் மருமகளோடு இருக்கிறார், உனக்குத் தெரியும். லிப்ட் வேலை செய்யவில்லை. உன் அம்மா அந்த முட்டியை வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள், என்னைத் தொட விடவில்லை. பெரியம்மாவுக்கு எங்களைப் பார்த்ததும் பதற்றம். "என்னாச்சு? கதிருக்கு ஒன்னுமில்லையே?" என்றார். டீ போட்டு என் முன்னால் வைத்தார். நான் சொன்னேன். கங்கு, வாளி, அந்தக் காற்று, வகுப்பு, எல்லாம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லையோ என்று திரும்ப ஒரு தடவை சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... நான் ஜன்னலத் தொறந்தது தப்பில்லையா தம்பி?"

நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் தெரியுமா, கதிர்? அவருக்கு உண்மை தெரியும், ஊர் வாய்க்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நம்பியிருக்கிறார்! நாம் சொன்ன கதையை நம்மைவிட அதிகமாக அவர்தான் நம்பியிருக்கிறார். முப்பத்தொரு வருடமாக, தங்கச்சியையும் பிள்ளையையும் கொல்லப் பார்த்த பாவி தான்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "எம் பேரப்புள்ளைங்க ரெண்டு பேரையும் நாப்பது நாள் வரைக்கும் நான் தொட்டதில்ல தம்பி. எங் கை ராசியில்லன்னு வாசல்லயே நின்னுக்கிட்டேன். மருமக என்னைய கல்நெஞ்சுக்காரின்னு நெனச்சிக்கிட்டா. நானும் சரின்னு விட்டுட்டேன்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எழுந்து வந்து எனக்கு வைத்த டீயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உன் அம்மா நொண்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் அழுகிற சத்தமும், நடுநடுவே உன் அம்மா என்னைத் திட்டுகிற சத்தமும் வெளியே கேட்டது. நான் ஒரு மணி நேரம் வாசல் நடைபாதையில் நின்று, கீழே தொழிற்சாலை பஸ் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் ஒரு மனுஷன் தன்னை இவ்வளவு வெறுக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் பெரியம்மா வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்துக் கேட்டார். "அங்க குளிரு ரொம்ப இருக்குமா? நான் சட்ட வாங்கணும்." மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போதும் உன் அம்மா பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள். சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அது நானும் அவளும் பார்த்துக்கொள்ள வேண்டியது, நீ நடுவில் வந்து சமாதானம் பேசாதே. உனக்கு என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. அப்பாவாயிற்றே என்று அடக்கி வைக்காதே. நீயும் அப்பாவாகப் போகிறவன். தப்புச் செய்யாத அப்பாவாக உன்னால் இருக்க முடியாது, என் மகன்தானே நீ. ஆனால் செய்த தப்பை அன்றைக்கே, பாயாசம் ஆறுவதற்குள், வாயைத் திறந்து சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் அதை வேறொருவர் உனக்காகச் சுமந்துகொண்டிருப்பார், அது யார் என்றுகூட உனக்குத் தெரியாது.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்பாகவே பெரியம்மா அங்கே வந்துவிடுவார். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. விமான நிலையத்துக்குப் போகும்போது கனமான கம்பளிச் சட்டை ஒன்றும், காலுக்குக் குளிர் தாங்குகிற சப்பாத்து ஒரு ஜோடியும் எடுத்துக்கொண்டு போ. அவர் வருவதற்குள் அலாரம் இரண்டையும் மாட்டி, பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்த்து, அந்தச் சத்தத்தை எனக்கு வீடியோ எடுத்து அனுப்பு. டேப் வாங்கியிருந்தால் தூக்கிக் குப்பையில் போடு.

இன்னொன்று. பிள்ளையும் தர்ஷினியும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கஞ்சி வைப்பார், துணி துவைப்பார், அடுப்புக்கு விறகுகூட எடுத்துப் போடுவார், ஆனால் அந்த அறைக்குள் வரமாட்டார். கூப்பிட்டால் கை ஈரமாக இருக்கிறது என்பார். உண்மை தெரிந்துவிட்டது என்பதற்காக முப்பத்தொரு வருடப் பயம் ஒரே வாரத்தில் கால்களை விட்டுப் போய்விடாது. அந்தப் பயத்தை வைத்தது நான். எடுக்க நான் அங்கே இல்லை, நீதான் இருக்கிறாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அவர் கையில் கொடு. கொடுத்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, "ஜன்னல எவ்வளவு தொறக்கட்டும் பெரியம்மா?" என்று கேள். அவர் எவ்வளவு சொல்கிறாரோ அவ்வளவு திற.

அப்பா